தலைக்கு மேல் ஒரு கடன் மனு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். கீழே வரும் மருத்துவ விஷயங்கள் ஒரு தோல் மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான். உங்கள் தலைக்கு உங்கள் டாக்டர்தான் பொறுப்பு.

லக்னோவுக்கு மாற்றலாகி வந்து எட்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு தடவை மதுரைக்குப் போகும்போதும் சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தலையைத்தான் பார்ப்பார்கள். "என்னப்பா இப்படிக் கொட்டிப் போச்சு, அந்த ஊர்த் தண்ணியா?" என்பார்கள். நானும் ஆமாம் போட்டுவிடுவேன். பாவம், கோமதி நதி. உப்புத் தண்ணீரில் முடி வறண்டு சிக்குப் பிடிக்கலாம். ஆனால் நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, உச்சி மண்டை வெளுக்கும் ஆண் வழுக்கைக்குக் காரணம் பரம்பரையும், டி.எச்.டி. என்ற ஹார்மோனும்தான். வெளியூரில் இருக்கும் நாம் எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட்டுப் பழகிவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பெங்களூரிலிருந்து அக்கா பையன் பேசினான். வயது 25, ஐ.டி. வேலை.

"மாமா, பர்சனல் லோன் மூணு லட்சம் எடுக்கலாம்னு இருக்கேன். எந்த பேங்க்ல வட்டி கம்மி?"

எதற்கு என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். முடி நடவு. ஏதோ ஒரு கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பியிருக்கிறான். பத்தே நிமிடத்தில் 4,000 கிராஃப்ட் என்று பதில் வந்துவிட்டதாம். இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி வேறு. அக்கா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். முதலில் வந்த வரன் வீட்டில் போட்டோவைப் பார்த்ததோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை.

எனக்கு வந்ததே கோபம். மூன்று லட்சம், 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் மாதத் தவணை 9,964 ரூபாய், வட்டி மட்டும் 58 ஆயிரத்துக்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முடியில் என்னடா இருக்கிறது, குணத்தைப் பார்க்கிறவள் வருவாள் என்று கால் மணி நேரம் உபதேசம் பண்ணினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க இருக்காங்க மாமா. நீங்க சொல்லலாம்" என்று வைத்துவிட்டான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம், அவனிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் நானே தங்கமணிக்குத் தெரியாமல், ஆடிட் வேலை என்று சொல்லிவிட்டு, முடி நடவு பற்றிக் கேட்க ஒரு தோல் மருத்துவரிடம் போய் வந்திருந்தேன். கவுன்ட்டரில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னை "சாச்சாஜி" என்று கூப்பிட்டதுதான் உடனடிக் காரணம். எனக்கு வயது 46. சிரிக்காதீர்கள்.

அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். லென்ஸ் வைத்துப் பின்மண்டையைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதை நான் எனக்குப் புரிகிற பாஷையில், அதாவது பேங்க் பாஷையில் சொல்கிறேன்.

முதலாவது, இது புது டெபாசிட் இல்லை, கணக்கு மாற்றம். பின்மண்டை முடிக்கு டி.எச்.டி.யைத் தாங்கும் குணம் உண்டு. அதை எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1952இல் இதைச் செய்து பார்த்தார், 1959இல் எழுதினார். இன்றைய சிகிச்சை முழுவதும் அந்த அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது. பட்டையாகத் தோலை வெட்டி எடுத்தாலும் (எஃப்.யூ.டி.), ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்தாலும் (எஃப்.யூ.இ.) எடுப்பது உங்கள் பின்மண்டைச் சேமிப்பிலிருந்துதான். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. பலருக்கும் ஆயுள் முழுவதற்கும் ஐயாயிரம், ஆறாயிரம் கிராஃப்ட்டுக்கு மேல் தேறாது.

இரண்டாவது, வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டும். நார்வுட் அளவுகோலில் 1 முதல் 7 வரை நிலைகள் உண்டு. அக்கா பையன் இப்போது 3. அத்தானுக்கு நாற்பது வயதிலேயே குதிரை லாடம் மாதிரி ஓரத்தில் மட்டும்தான் முடி, அதாவது 7. 25 வயதில் 4,000 கிராஃப்ட்டை முன் நெற்றியில் கொட்டிவிட்டால், 35இல் அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி கொட்டும்போது கையில் பாலன்ஸ் இருக்காது. முன்னால் ஒரு வேலி, பின்னால் பொட்டல். இதனால்தான் இருபதுகளில் இருப்பவர்களை நல்ல டாக்டர்கள் அவசரப்படுத்துவதில்லை.

மூன்றாவது, கொட்டுவது எதனால்? தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சலுக்குப் பிறகு வரும் உதிர்வு எல்லாம் காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் திரும்பி வரும். புழுவெட்டுக்கு வைத்தியமே வேறு. இவற்றுக்கெல்லாம் போய் முடி நடக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, காயம்பட்டால் தழும்பு தடிக்கும் உடம்பு எதையும் டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.

நான்காவது, நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றில்லை. நட்ட முடி முதல் மாதத்திலேயே உதிர்ந்துவிடும். பிறகு மூன்று, நான்கு மாதத்தில் முளைக்க ஆரம்பித்து, முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் நட்டால், மணமேடையில் முன்பிருந்ததை விடக் குறைவாகக்கூட இருக்கும்! மீதி முடியைக் காப்பாற்ற மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைட் போன்ற மருந்துகளைத் தொடர வேண்டியிருக்கலாம். நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டெரைடால் சிலருக்குத் தாம்பத்தியத்திலும் மனநிலையிலும் பிரச்சினை வருவதுண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

ஐந்தாவது, கத்தி யார் கையில்? 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் அதற்குப் பிறகு இறந்தார். 2025இல் எங்கள் பக்கத்து ஊரான கான்பூரில் ஒரு பொறியாளர் இறந்தார். செய்தவர் பல் மருத்துவர் என்று வழக்கு. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரிலேயே, பயிலரங்கம் போய் வந்ததும் யூடியூப் பார்த்ததும் இதற்குப் பயிற்சி ஆகாது என்று சொல்லிவிட்டது. தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவரா, மரத்துப்போகும் ஊசி யார் போடுவார், அவசரம் என்றால் அங்கே என்ன வசதி என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெளியூரில் நமக்குத் தெரிந்த குடும்ப டாக்டர் கிடையாது. பளபளப்பான வரவேற்பறையைப் பார்த்து நம்பிவிடுகிறோம்.

செலவு முழுக்க உங்கள் பைதான். அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு மெடிக்ளெய்மில் பணம் வராது. மருத்துவச் சேவைகளுக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கிலிருந்து முடி நடவைப் பெயர் சொல்லியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்துகொண்டே, பையனிடம் முடியில் என்னடா இருக்கிறது என்றேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது. முடியில் ஒன்றுமில்லை என்றால் நான் எதற்குத் திருட்டுத்தனமாகப் போனேன்?

மறுநாள் நானே கூப்பிட்டேன். முதலில் என் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம்தான் நான் சொன்னது அவன் காதில் ஏறியது. இப்போது வேண்டாம், கடன் வாங்கி நிச்சயமாக வேண்டாம். நல்ல தோல் மருத்துவரைப் பார், ஒரு வருடம் வைத்தியம் செய், கொட்டுவது நிற்கிறதா பார்.

"அப்பவும் வேணும்னு தோணிச்சுன்னா?"

"டாக்டரும் சரின்னா பண்ணிக்கோ. லீவு போட்டுட்டு நான் வந்து வெளியில உட்கார்ந்திருப்பேன். பாதிப் பணமும் என்னுது."

என் விஷயம்? நான் தகுதியானவன்தானாம். பல வருடமாக வழுக்கை ஒரே இடத்தில் நிற்கிறது, பின்மண்டையில் பாலன்ஸ் இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் சுத்தம். ஆனால் கடன் மனுவில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் 'சாச்சாஜி' என்பதைத் தவிர எனக்கு எழுத ஒன்றும் இல்லை. அதனால் நானே என் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேறொருவருக்கு நியாயமான நோக்கம் இருக்கலாம். அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. அக்காவிடம் மட்டும், போட்டோவில் பழைய படத்தைப் போடாதே, இப்போது இருக்கிற தலையோடு அனுப்பு என்றேன். கோபித்துக்கொண்டாள். மூன்று நாள் பேசவில்லை.

வழுக்கை அப்பா, அம்மா இரண்டு வழியிலும் வரும். அம்மா வழியாக வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவுக்கு இதில் பெரிய பங்காம். அப்படிப் பார்த்தால் தாய்மாமன் தலையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. பழனியில் அவனுக்கு முதல் மொட்டை போட்டபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். வீறிட்டு அழுதான். "அழாதடா, திரும்ப வளர்ந்துடும்" என்று சொன்னது நான்தான்.