பந்தோபஸ்துப் பயிற்சி: காசு கொடுத்து எதை வாங்குகிறோம்?

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்திவரதரைக் காண ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காஞ்சிபுரத்துக்கு வந்ததாக மதிப்பிடப்பட்டது. ஜூலை 18 அன்று நெரிசலில் சிக்கியவர்களில் நான்கு பேர் உயிரிழந்தனர். வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்ட காவலர்கள், பழக்கமில்லாத சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் மணிக்கணக்கில் வெயிலில் நின்றார்கள். பக்தர்களின் வசவும் மேலதிகாரிகளின் வசவும் அவர்களுக்கே கிடைத்தன. பாஸ் இல்லாதவர்கள் முக்கியப் பிரமுகர் வரிசையில் நுழைந்ததற்காக ஓர் ஆய்வாளரை ஆட்சியர் பலர் முன்னிலையில் கடிந்துகொண்ட காணொளி மாநிலம் முழுக்கப் பரவியது.

அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று விவாதித்தார்கள். எனக்கு எழுந்த கேள்வி வேறு. கூட்டத்தைக் காப்பது எப்படி என்று அங்கே நின்ற காவலர்களுக்கு யார், எத்தனை நாள், எந்த இடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இது தனியாகக் கற்க வேண்டிய வித்தை. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் ஒருவர் தன் விருப்பப்படி நகர முடியும். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் யாருடைய கால்களும் அவரவர் சொல்பேச்சுக் கேட்பதில்லை. பின்னால் ஒருவர் இடித்தால் அந்த அழுத்தம் அலையாக முன்வரிசை வரை ஓடிவருகிறது. நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள். முன்வரிசையை லத்தியால் பின்னுக்குத் தள்ளும் காவலர், தம்மை அறியாமலே அந்த அழுத்தத்தைக் கூட்டுகிறார். நிறுத்த வேண்டியது பின்னால், நுழைவாயிலில். அங்கே நிற்பவருக்கோ முன்னால் நடப்பது தெரியாது. கயிற்றைப் பிடித்து நிற்கும் இரண்டாம் நிலைக் காவலர் வாக்கி-டாக்கியில் ‘வாயிலை மூடுங்கள்’ என்று சொல்லலாமா, சொன்னால் யாரும் கேட்பார்களா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

பதவி மட்டும் இதற்கு ஈடாகாது. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அன்றைய பாதுகாப்புக்குத் தலைமை தாங்கிய போலீஸ் அதிகாரி அந்தப் பொறுப்புக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 2022 அக்டோபரில் சோல் நகரின் இட்டேவோனில் 159 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே, நசுங்கிவிடுவோம் போலிருக்கிறது என்று மக்கள் போலீஸ் எண்ணை அழைத்தபடி இருந்தார்கள். அந்தக் குரல்களை அபாய அறிவிப்பாகக் கேட்கும் காது அங்கே இல்லை. நம் பக்கம் கும்பகோணத்தின் 1992 மகாமக நெரிசல் இருக்கிறது. 2025 செப்டம்பர் 27 கரூர் நெரிசலும் அது பறித்த 41 உயிர்களும் இருக்கின்றன.

ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் ‘காவலர்களுக்குச் சிறப்புப் பயிற்சி’ என்ற குரல் எழும். எழட்டும், நல்லதே. ஆனால் அந்தப் பயிற்சியை வெளியாரிடம் ஒப்பந்தம் கொடுத்து வாங்கும்போது எதை வாங்குகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. குளிரூட்டிய அரங்கில் அதிகாரிகளுக்கு ஒரு நாள் திரைக்காட்சி, மாலையில் சான்றிதழ், ஒரு குழுப் படம் என்று முடிந்துபோனால் கயிற்றருகே நிற்கும் காவலருக்கும் ஊர்க்காவல் படையினருக்கும் அதில் ஒன்றும் வந்து சேராது.

பட்டு நெய்யும் காஞ்சிபுரத்துக்கு இதைப் புரியவைப்பது எளிது. ஜரிகையைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கும்போது, வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கிறார்கள். மினுமினுப்பையும் விலையையும் மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை. உயிர் காக்கும் பயிற்சிக்கு அந்த உரைகல் வேண்டாமா?

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைக் காட்டி, குறைந்த விலை சொன்னவருக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அதிகாரிகள் கைவிரிக்கலாம். அது பாதி உண்மை. தொழில்நுட்பத் தகுதியை முதலில் பார்த்து, தேறியவர்களின் விலையை மட்டும் திறக்கும் இரண்டு உறை முறைக்கு அந்த ஏற்பாட்டிலேயே இடம் இருக்கிறது. தகுதி என்ன என்பதை எழுதுவது காவல்துறையின் கையில். பெருங்கூட்டத்தில் நேரில் பணியாற்றியவரே பயிற்றுநராக வர வேண்டும். வகுப்பில் பாதிக்கு மேல் கோயில் வாசலிலும் தேரோடும் வீதியிலும் நடக்க வேண்டும். முடிவில் காவலரின் கையெழுத்தை வாங்குவதோடு நிற்காமல், ஒத்திகையில் அவர் எத்தனை விநாடியில் வாயிலை மூடவைத்தார் என்று அளக்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை அந்த அளவீட்டைப் பார்த்தே விடுவிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒப்பந்தம் முடியும்போது பாடத்தை நடத்தத் தெரிந்த நம் காவலர்கள் இங்கேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆண்டுதோறும் அதே பாடத்துக்கு அதே காசைக் கொட்டிக்கொண்டிருப்போம்.

தனியாரிடம் போகும் முன் பக்கத்து ஊரையும் பார்க்கலாம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. அருகிலுள்ள தக்கோலத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் இருக்கும் ஊனமாஞ்சேரி, அத்திவரதர் வைபவத்தின்போது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயேதான் இருந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பெருங்கூட்டங்களுக்கென்றே 2014இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இவற்றில் இல்லாத திறமைக்கு மட்டும் வெளியாரைத் தேடினால் போதும்.

பயிற்சிக் களத்துக்கும் பஞ்சமில்லை. வரதரின் வைகாசி கருட சேவைக்கு விடியுமுன்னரே சின்ன காஞ்சிபுரம் நிரம்பிவிடுகிறது. ஏகாம்பரநாதருக்குப் பங்குனி உத்திரம், காமாட்சிக்கு மாசித் திருவிழா. ஆண்டுதோறும் நாள் குறித்து வரும் இந்தக் கூட்டங்களைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? தடை ஒன்றுதான். பந்தோபஸ்து என்று சொல்லிப் பயிற்சியைத் தள்ளிவைக்கும் பழக்கம். அதை டி.ஜி.பி. அலுவலகம் நினைத்தால் ஓர் ஆணையில் நிறுத்தலாம்.

அடுத்த அத்திவரதர் தரிசனம் 2059இல். அதுவரை காத்திருக்க முடியாது. கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்கான பயிற்சி ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை அரசு இப்போதே எழுதி, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.