சிறைக் கதவுத் துவாரம்

பத்திரிகை அச்சிட்ட குற்றத்துக்காகப் புருஷனைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் குழந்தைகள். அச்சுக்கூடத்தில் பாதியில் நிற்கும் வேலை. அன்னா ஸெங்கர் என்ற அம்மாள் என்ன செய்தாள், தெரியுமா?

நியூயார்க் பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்த காலம் அது. காஸ்பி என்று ஒரு கவர்னர். சம்பளத் தகராறு ஒன்றில் தமக்கு அநுகூலமாகத் தீர்ப்புச் சொல்லாத பிரதம நீதிபதியையே வேலையிலிருந்து நீக்கிய மகாநுபாவர்! அவரைக் கண்டித்து எழுத ஊரிலிருந்த ஒரே பத்திரிகையில் இடம் கிடைக்குமா? அது சர்க்கார் அச்சுக்காரருடையது. ஆகவே 1733 நவம்பரில் ஜான் பீட்டர் ஸெங்கர் வேறொரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். எழுதியவர்கள் பெரிய மனிதர்கள். தங்கள் பெயரைப் போடாமல் எழுதினார்கள். அச்சிட்டவர் என்று பெயர் போட்டுக்கொண்டவர் ஏழை ஸெங்கர். அகப்பட்டுக்கொண்டவரும் அவர்தான். உலக வழக்கம்!

1734 நவம்பர் 17-ந் தேதி கைது செய்தார்கள். ஜாமீன் 400 பவுன். அது தவிர, இரண்டு பேர் தலைக்கு 200 பவுனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். தொழில் சாமான்களையும் உடுதுணியையும் தள்ளிவிட்டால் தம் சொத்து 40 பவுன்கூடப் பெறாது என்று ஸெங்கர் பிரமாணம் செய்தார். பலிக்கவில்லை.

ஒரே ஓர் இதழ்தான் தவறிற்று. மறு வாரமே பத்திரிகை வந்துவிட்டது! சிறைக் கதவிலுள்ள துவாரத்தின் வழியாக மனைவியோடும் வேலையாட்களோடும் பேச அநுமதி கிடைத்திருப்பதாகவும், இனி வாராவாரம் பத்திரிகை வரும் என்றும் அதில் ஸெங்கர் அறிவித்திருந்தார். துவாரத்தண்டை நின்று கேட்டுக்கொள்வது. திரும்பி வந்து வேலையை நடத்துவது. எட்டு மாதத்துக்கு மேல் இப்படியே நடந்தது. பின்னால் வந்த வக்கீலின் வாதத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ இந்தத் துவாரந்தான் பெரிதாகப் படுகிறது.

1735 ஆகஸ்ட் 4-ல் விசாரணை. ஸெங்கரின் வக்கீல்கள் இருவரையும் இனி வாதாடக் கூடாதென்று நீதிபதி முன்பே விலக்கிவிட்டார். ஆகவே பிலடெல்பியாவிலிருந்து ஆண்ட்ரூ ஹாமில்டன் என்ற முதியவர் வந்தார். "அச்சிட்டது வாஸ்தவம்" என்று எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்! ஆனால் அதில் பொய் எங்கே என்று கேட்டார். அன்றைய சட்டப்படி, உண்மையை எழுதினாலும் அவதூறு அவதூறுதான். ஜூரர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. சிறிது நேரத்துக்கெல்லாம் 'குற்றவாளி அல்ல' என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டம் என்னவோ உடனே மாறிவிடவில்லை. 1746-ல் ஸெங்கர் காலமானார். அதன் பிறகும் பத்திரிகை நிற்கவில்லை. அன்னா அம்மாள் நடத்தினாள்.