பேய்க்கு டிக்கெட், டப்பாவுக்குத் தடையா?

சதுக்கத்தில் ஒருவர் கையில் ஜிபிஎஸ் கருவியோடு குனிந்து குனிந்து எதையோ தேடுகிறார். பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. தேடுவது ஒரு சின்ன டப்பா. உள்ளே ஒரு துண்டுக் காகிதம். அதில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். இதுதான் ஜியோகேச்சிங்.

2000 மே 2-ல் அமெரிக்க அரசு பொதுமக்களின் ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்ததை நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் புதைத்து வைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு பிறந்தது.

கூடவே புகாரும் பிறந்தது. வரலாற்று இடங்களில் இந்த விளையாட்டு அவமரியாதையாம். 2005-ல் தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை, கல்லறைகளிலும் வரலாற்று இடங்களிலும் அனுமதியின்றி இதை ஆடுவதைக் குற்றமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கடைசியில் அது சட்டமாகவில்லை. ஆனால் அந்தக் குரல் இன்னும் ஓயவில்லை.

சரி, அவமரியாதை செய்தது யார்? பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் சவானா நகரத்து ரைட் சதுக்கத்தைப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

1733-ல் ஆங்கிலேயர் ஓகல்தோர்ப் வந்து இறங்கியபோது அவரை எதிர்கொண்டவர் டோமோசிச்சி, யமக்ரா மக்களின் தலைவர். சவானா சண்டையில்லாமல் வேரூன்றியதற்கு அவருடைய நட்பு முக்கியக் காரணம். 1739-ல் இறந்தார். அவருடைய விருப்பப்படியே நகரின் நடுவே, இந்தச் சதுக்கத்தில் புதைத்தார்கள். ஓகல்தோர்ப்பே சவப்பெட்டியைச் சுமந்தார்.

பிறகு? அவர் கல்லறை என்று ஊர் நம்பிய மேட்டை அகற்றிவிட்டு, 1883-ல் அந்த இடத்தில் ரயில்வே கம்பெனித் தலைவர் வில்லியம் வாஷிங்டன் கார்டனுக்குப் பிரம்மாண்டமான நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அந்தக் கார்டனின் மருமகளுக்கே இது பொறுக்கவில்லை. அவர் முன்னின்ற பெண்கள் சங்கம் 1899-ல் சதுக்கத்தின் ஒரு மூலையில் ஒரு பெரிய கிரானைட் பாறையை டோமோசிச்சிக்காக வைத்தது. நட்ட நடுவில் முதலாளி, மூலையில் தலைவர். இந்த அவமரியாதையைச் செய்தது எந்த டப்பா?

அடுத்தது பேய். 1735 ஜனவரியில் ஆலிஸ் ரைலி தூக்கிலிடப்பட்டார். அயர்லாந்திலிருந்து வந்த கொத்தடிமை வேலைக்காரி, எஜமானரைக் கொன்றதாகத் தீர்ப்பு. கர்ப்பிணி என்பதால் பிரசவம் வரை காத்திருந்து, குழந்தை பிறந்த சில வாரங்களில் தூக்கில் போட்டார்கள். இன்று அவர் ஆவி ரைட் சதுக்கத்தில் குழந்தையைத் தேடி அலைகிறதாம். குற்றமற்ற ரத்தம் சிந்திய இடம் என்பதால் மரங்களில் ஸ்பானிஷ் பாசி தொங்காதாம். பெயர்தான் பாசி. அது காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரம் உறிஞ்சி மரக்கிளையில் வாழும் ஒரு பூக்கும் செடி. கீழே யார் ரத்தம் சிந்தியது என்று அதற்கு எப்படித் தெரியும்?

டோமோசிச்சியையும் விட்டுவைக்கவில்லை. பாறையை மூன்று முறை சுற்றி, "டோமோசிச்சி, என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று பதில் வருமாம். கேட்டவர் காதில் ஒன்றும் விழாது, அதுதான் ஜோக் :-)

புளியமரத்துப் பேய்க்காவது யாரும் டிக்கெட் போடுவதில்லை. சவானாவில் கூரையை வெட்டிய சவ ஊர்தியில் ஏற்றி இரவுச் சுற்றுலா நடத்துகிறார்கள். பெற்ற உடனே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ஏழைப் பெண்ணின் மரணம் அங்கே அரை மணிப் பொழுதுபோக்கு. இதை யாரும் அவமரியாதை என்று மசோதா போட்டுத் தடுக்கவில்லை. காசு வருகிறதே!

ஜியோகேச்சிங் ஆடுபவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்பதில்லை. பூச்செடியை மிதிப்பவர்களும், கல் இடுக்கில் கையை விடுபவர்களும் உண்டு. அதற்குத்தான் விதிகள் இருக்கின்றன. மண்ணைத் தோண்டி டப்பாவைப் புதைக்கக் கூடாது, இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். மீறினால் தண்டிக்கட்டும். டப்பாவே இல்லாத வகையும் உண்டு. அங்கே போய், கல்வெட்டைப் படித்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். பழைய சதுக்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை.

பேய்க் கதை கேட்பவர் இருட்டில் நின்று பயந்துவிட்டுப் போகிறார். கல்வெட்டைத் தேடுபவர் பகலில் வந்து மூலைப் பாறையைக் கண்டுபிடித்து, பெயரையும் ஆண்டையும் படித்துத்தான் ஆக வேண்டும். படித்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: நகரத்துக்கு இடம் கொடுத்தவர் ஏன் மூலையில் இருக்கிறார்?

அந்தக் கேள்விக்குச் சவானா சொல்ல வேண்டிய பதில் "ஒன்றுமில்லை" அல்ல.