இசிஜி தாளில் ஒரு வரி முடிவு வேண்டும்



நெஞ்சு எரிகிறது என்ற அப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள். 'தெளிவற்ற மாற்றங்கள்' என்று கருவி அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறொரு மருத்துவர்தான் மாரடைப்பு என்றார்.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. 12 கோணப் பதிவுகளில் அலைக்கோட்டின் எஸ்டி எனப்படும் பகுதி உயர்ந்திருக்கிறதா, பழைய இசிஜியிலிருந்து மாறியிருக்கிறதா என்று ஆராய்ந்து, 'மாரடைப்பு; உடனடி சிகிச்சை' என்றோ, 'சந்தேகம்; மீண்டும் இசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை' என்றோ மருத்துவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் இசிஜி இயல்பாக இருந்தாலே ஆபத்து நீங்கிவிடாது. கருவியின் கணிப்பு மருத்துவரின் முடிவாகாது. அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்