டெக்னோபார்க் ஊழியர்களின் வேலை நேரத்தை நிர்ணயிப்பது யார்? - ஓர் அலசல்

திருவனந்தபுரம்: நியூயார்க்கில் காலை 10 மணிக்குத் தொடங்கும் ஆலோசனைக் கூட்டத்தில் பங்கேற்க, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள ஊழியர் இரவு 7.30 மணிக்குக் கணினி முன் அமர வேண்டும். அமெரிக்காவில் குளிர்காலக் கடிகார மாற்றம் நடைமுறைக்கு வந்தால், அது 8.30 மணியாகிவிடும். மென்பொருள் உருவாக்குநர்களின் வேலை நேரத்தை உள்ளூர்ச் சட்டம் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இங்குள்ள பல நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகப் பணியாற்றுகின்றன. கேரள கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் (1960) நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பு விதிக்கிறது. ஆனால், பணியை ஒப்படைக்கும் தேதியை வாடிக்கையாளரிடம் உறுதியளிப்பவர் ஒருவர். நிரல் எழுதுபவர் வேறொருவர். இடையில் தேவைகள் மாறினாலும் தேதி பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தப் பற்றாக்குறையை ஊழியரின் இரவு நேரமே ஈடுகட்டுகிறது.

தாமதமான திட்டத்தில் கூடுதல் ஆள்களைச் சேர்த்தால் தாமதம் மேலும் அதிகரிக்கும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சுட்டிக்காட்டினார். புதியவர்களுக்குக் கற்பிப்பதற்கும் பழையவர்களின் நேரமே செலவாகும் என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

சமூகக் காரணங்களும் உண்டு. மேலாளர் இணையத்தில் இருக்கும்போது விடைபெற்றால், ஆர்வமற்றவர் என்ற பெயர் ஆண்டு மதிப்பீட்டில் எதிரொலிக்குமோ என்ற தயக்கம் ஊழியர்களைக் கட்டிப்போடுகிறது. சமையல், குழந்தைகளின் படிப்பு என வீட்டுப் பொறுப்புகளையும் சுமக்கும் பெண்களுக்கு இரவு 8 மணி அழைப்பு இரட்டைச் சுமையாகிறது. கரோனா காலத்தில் பரவலான வீட்டிலிருந்தே பணிபுரியும் முறை, அலுவலகத்துக்கும் இல்லத்துக்கும் இடையிலான எல்லையையும் மங்கச் செய்தது.

புணேயில் பணியாற்றிய கேரள இளம் கணக்காயர் ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து, நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள்கள் என்ற வரம்பைச் சட்டமாக்க வேண்டும் என்று திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் 2024 செப்டம்பரில் வலியுறுத்தினார். பணி நேரத்துக்குப் பிறகு அலுவலக அழைப்புகளைத் தவிர்க்கும் உரிமைக்காக, காஞ்சிரப்பள்ளி எம்.எல்.ஏ. என். ஜெயராஜ் 2025-இல் தனிநபர் மசோதாவை முன்வைத்தார். பிரான்ஸில் இத்தகைய உரிமை 2017 முதல் நடைமுறையில் உள்ளது.

வரம்பு அவசியமே. எனினும், கூட்ட நேரத்தையும் ஒப்படைப்புத் தேதியையும் முடிவு செய்வதில் ஊழியருக்குப் பங்கு இல்லையெனில், கூடுதல் நேரம் பதிவேட்டுக்கு வெளியே தொடரும். பதிவாகாத நேரத்துக்கு ஊதியமும் இல்லை, ஓய்வும் இல்லை.