தூண்டிலும் தோட்டாவும் ஒண்ணா?

மக்களே, இது ரொம்ப நாளா மனசுல கிடக்கிற புலம்பல். கொஞ்சம் காது கொடுங்க.

மேட்டூருக்கு மேலே, கர்நாடகப் பக்கம், காவிரி வனவிலங்கு சரணாலயம் இருக்கு. அங்க பீமேஸ்வரி, காலிபோரேன்னு மீன்பிடி முகாம்கள் நடந்துச்சு. மாசீர் பிடிக்க வெளிநாட்டுல இருந்தெல்லாம் வருவாங்க. பிடிச்ச மீனை எடை பார்த்து, நோட்டுல எழுதிட்டு, ஆத்துலயே விட்டுடணும். முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்ச ஆளுங்களையே காவலுக்கும் பரிசலுக்கும் வேலைக்கு வச்சிருந்தாங்க.

2012-ஓட எல்லாம் முடிஞ்சது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடுறதும் வேட்டை மாதிரிதான்னு சொல்லிட்டாங்க. தண்ணியில தோட்டா வெடிச்சு குஞ்சு குளுவானோட அள்ளுறவனும், பிடிச்சு விடுறவனும் ஒரே தராசுல!

"காசு இருக்கிறவனுக்கு மட்டும் சரணாலயத்துல என்னய்யா சலுகை?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. என் கோவம் வேற. முகாமோட சேர்த்து அந்த நோட்டையும் மூடிட்டாங்களே!

காலிபோரே கணக்கைப் பாருங்க. 1998-லிருந்து 2012 வரை 23,620 மணி நேரம் தூண்டில் போட்டு, 6,161 மாசீர் பிடிச்சு விட்டிருக்காங்க. பெருசு 104 பவுண்டு. 2015-ல ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கை வச்சுத்தான் ஒரு விஷயத்தை வெளிய கொண்டு வந்தாங்க: காவிரிக்கே உரிய திமில் மாசீர் குறைஞ்சுட்டே போகுது, வெளியில இருந்து கொண்டு வந்து விட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகுது.

அந்த நீலத்துடுப்பை விட்டதும் மீன் பெருகட்டும்ங்கிற நல்லெண்ணத்துலதான். தூண்டில்காரங்க எல்லாம் உத்தமர்னு நான் சொல்லவே இல்ல. ஆனா அந்தத் தப்பைக் காட்டிக் கொடுத்ததும் அவங்க நோட்டுதானே?

2018-ல தான் திமில் மாசீருக்கு டோர் ரெமாதேவின்னு அறிவியல் பேரே உறுதியாச்சு. அதுக்கு உதவினது நம்ம மாயாத்து மீன்கள். அதே வருஷம் சிவப்புப் பட்டியல்ல அழிவின் விளிம்புல இருக்கிற இனமாவும் சேர்த்தாங்க. பேரு வைக்கும்போதே பால் ஊத்துற நிலைமை!

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. எண்ணிக்கை வச்ச உரிமம், முள்ளில்லாத ஒத்தைக் கொக்கி, பிடிச்ச ஒவ்வொரு மீனுக்கும் கட்டாயக் கணக்கு, வெளிக்குஞ்சு விட முழுத்தடை. இதுக்குச் சட்டத்துலயே இடம் வேணும். இல்ல, தடைதான் சரின்னா, அந்த நோட்டை யார் எழுதப் போறாங்கன்னாவது சொல்லுங்க. ராத்திரியில தோட்டாவோட வர்றவன் கணக்கு எழுதிட்டுப் போக மாட்டான் சாமி.

கும்முறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

டிஸ்கி: என் வாழ்நாள் சாதனை ஒன்றரைக் கிலோ ஜிலேபிக் கெண்டை. நோட்டுல ஏறல, குழம்புல ஏறிடுச்சு.