அம்மாவுக்குக் கீரை உண்டா?

வீட்டில் இன்று அரைக்கீரை கடைசல். அப்பாவுக்கு இரண்டு கரண்டி. மகனுக்கு இரண்டு கரண்டி. மகளுக்கு ஒரு கரண்டி. எல்லோரும் எழுந்த பிறகு அம்மா சாப்பிட உட்காருகிறாள். சட்டியில் இருப்பது வழித்து எடுக்கும் அளவுதான்!

இது பல வீடுகளில் நடப்பது. ஆனால் சரியல்ல. கீரை யாருக்கு அதிகம் தேவையோ, அவளுக்குத்தான் அது மிஞ்சுவதில்லை.

100க்கு 57 பேர்

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 100க்கு 25 பேருக்குத்தான். மாதவிலக்கு, கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றால் பெண்களுக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டும்.

"ஒரு கட்டுக் கீரை எத்தனை பேருக்குக் காணும்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். வீட்டிலேயே வளர்த்தால் காணும்.

வெயிலில் தழைக்கும்

அரைக்கீரைக்கு வெயில் பகை அல்ல. தண்ணீர் விட்டால் கோடையிலும் தழைக்கும். கொல்லையில் சிறு பாத்தி போதும். கொல்லை இல்லாதவர்கள் மாடியில் அகலமான தொட்டி வைக்கலாம். விதை மிகச் சிறியது. ஆகவே மணலுடன் கலந்து தூவ வேண்டும். மேலே லேசாக மண் போட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். அரிசி கழுவிய நீரும் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் ஆகாது.

சுமார் 25 நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல், அடித்தண்டை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

சத்தைக் கொட்டாதீர்கள்

கீரையைக் கழுவிய பிறகே நறுக்குங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சை மிளகாய் சேர்த்து, கொஞ்சம் தண்ணீரில் வேக வையுங்கள். வெந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே கடையுங்கள்.

கீரையில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் அது சேர உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கும் காபியும் டீயும் அதைத் தடுக்கும். ரத்தசோகை என்று டாக்டர் சொன்னால், கீரை மட்டும் போதாது. அவர் தரும் மாத்திரையையும் சாப்பிட வேண்டும்.

பாத்தி போட்டால் கீரை பெருகும். அதோடு வீட்டாரின் வழக்கமும் மாற வேண்டும். பரிமாறும்போதே அம்மாவுக்கும் மகளுக்கும் இரண்டிரண்டு கரண்டி எடுத்து வைக்க வேண்டும். இதை அம்மா தானாகச் செய்ய மாட்டாள். அப்பாதான் கரண்டியைக் கையில் எடுக்க வேண்டும்!